மேற்படி முகவரியில் இல்லாதவன்

1979, மே 17, வியாழன்

கத்திரி வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. ஒத்தக்கடை பஸ்ஸில் நின்றபடி. பக்கத்தில் நின்றவர் கையில் உயிர்க்கோழி, தலைகீழாக. இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. நானும் அதை.

பயிற்சி முதல் நாள். ஆனைமலைக்குக் கீழே ஒரு பொட்டல், தகரக் கொட்டகை, கரும்பலகை. காவலாளிகளைத் தயார் செய்து ஆஸ்பத்திரி, மில், சினிமா கொட்டகைகளுக்கு அனுப்பும் புதுக் கம்பெனி. நடத்துபவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லவில்லை. சுபேதார் என்றே கூப்பிட வேண்டுமாம்.

வந்திருந்தவர்கள்: மில்லில் ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள். பத்தாவது தவறியவர்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர், யாருடனும் பேசாமல். எம்.ஏ. நான் மட்டும். அதை விண்ணப்பத்தில் எழுதியிருக்கக் கூடாது.

நெஞ்சளவு எடுத்தார்.

"மூச்ச இழு."

இழுத்தேன்.

"இழுத்தாச்சா?"

"ஆச்சு சார்."

"வித்தியாசமே தெரியலையேய்யா."

பின்னால் சிரித்தவன் முத்துப்பாண்டி. அவனியாபுரம். தொடையில் மாடு குத்திய தழும்பு, கேட்காமலே வேட்டியைத் தூக்கிக் காட்டினான். "மாட்டப் பிடிச்சவன கேட்டப் பிடிக்க வச்சுட்டாய்ங்க மாப்ள." பழக்கமாகி ஒரு டீ முடிவதற்குள் மாப்ள.

கரும்பலகையிலிருந்து, தேவையானவை:

டாக்டர் சான்று. கண், காது, நெஞ்சு.
பள்ளிச் சான்று, உண்மை நகல்.
நம்மைத் தெரிந்த பெரிய மனிதர் இருவரிடம் நன்னடத்தைச் சான்று. (எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லாம் புத்தகம் எழுதிவிட்டு இறந்தவர்கள்.)
போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுப் பக்கம் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அது சரியாக வந்தால்தான் போஸ்டிங்.

"காவலாளிக்குன்னு தனிச் சட்டம் எதுவும் இன்னும் வரல," என்றார் சுபேதார். "அதனால எவன் வேணா நாளைக்கு கேட்டுல நிக்கலாம். திருடனும் நிக்கலாம். போலீசு விசாரிக்காத ஆள எந்தப் பெரிய எடமும் நம்பி எடுக்காது. நானும் அனுப்ப மாட்டேன்."

ஊருக்குள் ஒரு புது ஆஸ்பத்திரி. ஜூன் தொடக்கத்தில் திறப்பு. அதற்குத்தான் நாங்கள்.

சாயங்காலம் அப்பாவின் கார்டு. அம்மா வேலை பார்த்த பள்ளியில் கிளார்க் இடம் ஒன்று. டீச்சர் மகன் என்பதால் ஃபாதர் எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார், பள்ளி திறக்கும்வரை. "வேறு வேலை அமைந்தால் வற்புறுத்த மாட்டேன். இல்லையென்றால் வந்துவிடு." நியாயமான மனிதர். நியாயத்துக்கு மறுப்புச் சொல்ல முடிவதில்லை.

அம்மா இறந்தது தவக்காலத்தில். பள்ளி அலுவலகத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே அவளுடைய மூன்றாம் வகுப்பு. அங்கே உட்கார்ந்தால் தினமும் அந்த வாசலைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து வேறு ஒரு டீச்சர் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும்.

அதனால் ஒத்தக்கடை. வேறு காரணம் இல்லை.

மே 19, சனி

சட்ட வகுப்பு. கொட்டகைக்குள் அடுப்புச் சூடு. கரும்பலகை வெளுத்துப்போய், எழுதியதும் எழுதாததும் ஒன்றாகத் தெரிகிறது.

"காவலாளிக்கு என்ன அதிகாரம்?"

சுபேதாரே பதிலும் சொன்னார்.

"ஒண்ணும் கெடையாது. ரோட்டுல போறவனுக்கு என்ன உண்டோ அதான் ஒனக்கும்."

மில்லிலிருந்து வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம். எனக்கு நிம்மதி போல ஏதோ.

குறித்துக்கொண்டவை:

கண்ணெதிரே திருட்டு, கொலை மாதிரி ஜாமீனில் விடாத குற்றம் செய்பவனை எந்தத் தனி மனிதனும் பிடிக்கலாம். பழைய சட்டத்தில் 59வது பிரிவு, புதுச் சட்டத்தில் 43. பிடித்ததும் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அறையில் பூட்டி வைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. அடித்தால் திருடன் சாட்சி, நாம் குற்றவாளி.

பெண்களைச் சோதனை போடக் கூடாது. பெண்தான் போடலாம்.

காக்கி வேண்டாம். போலீஸ் என்று ஜனங்கள் நினைக்கட்டும் என்று காக்கி மாட்டினால் அதுவே ஒரு குற்றம்.

தற்காப்புக்கு உரிமை உண்டு. தேவைக்கு மேல் இல்லை. தேவை எவ்வளவு என்பதை அப்புறம் கோர்ட் சொல்லும்.

போலீஸ் கேட்டால் நடந்ததை நடந்தபடி. வேண்டியவன் என்று மறைத்துப் பொய் சொன்னால் அதற்கும் தண்டனை உண்டு.

முத்துப்பாண்டி கை தூக்கினான். "அப்ப கம்பு எதுக்கு சார்?"

"நாய வெரட்ட."

"நாய் கடிச்சா?"

"விசில் ஊது."

"ஊதுனா யாரு வருவா?"

சுபேதார் உண்மையாகவே யோசித்தார். "இன்னொரு காவலாளி."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. வைகையில் மணல் மட்டும். திருவிழாவுக்குப் போட்ட பந்தல் கால்கள் சில இன்னும் பிடுங்காமல். செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்தி நடந்தேன்.

மே 21, திங்கள்

நிற்கும் பயிற்சி. எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு, யாருக்கும் தெரியாமல். முட்டியை விறைக்கக் கூடாது, மயக்கம் வரும். ஒருவர் விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள். நான் விழவில்லை.

"இவனப் பாருங்கய்யா," என்றார் சுபேதார். "ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மாதிரி நிக்கிறான்."

மைதானம் என்று ஒன்றில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. எதையும் எதிர்பார்க்காமல் நிற்க எனக்கு வருகிறது. அது திறமை என்று இதுவரை தெரியாது.

சாயங்காலம் வீடு. வில்லாபுரத்தில் நான் இருப்பது ஒரு வளவில். நடுவில் முற்றம், அடிகுழாய், சுற்றி ஐந்து குடித்தனம், என் ஒற்றை அறை, தெருவுக்கு ஒரே வாசல். வாசலை ஒட்டிய வீட்டில் ராக்கம்மா அக்கா. காலையில் இட்லி விற்பார். வளவின் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பதால் வாடகை வாங்குவது, சண்டை விலக்குவது, குழாய்க்கு முறை வைப்பது எல்லாம் அவர்தான். என்னை எம்.ஏ. தம்பி என்பார். எல்லோரும் அப்படித்தான்.

நான் நுழைந்ததும் முற்றத்தில் பேச்சு நின்றது. அக்கா என்னை உள்ளே இழுத்து வாசல் கதவைச் சாத்தினார்.

"தம்பி, ரெண்டு நாளைக்கு வெளிய தல காட்டாத."

"ஏன்க்கா?"

"போலீசு வந்துச்சு. ஒன் பேரச் சொல்லிக் கேட்டாக. நாங்க விடுவமா? அப்படி ஆளே இங்கன இல்லைன்னுட்டேன். எதுத்த வீட்ல கேட்டாக, அவுகளும் இல்லைன்னுட்டாக. அம்புட்டு வீட்டுலயும் ஒரே பேச்சு. சின்னப்பிள்ளைகூட மாறிச் சொல்லல."

எதிர் வீட்டு மாரி பெருமையாகத் தலையாட்டினாள். "நான் ஒங்க ரூமு வாசல்ல என் பாயக் கொண்டாந்து விரிச்சுட்டேன். எங்க ரூமுன்னு நெனைக்கட்டும்னு."

"என்ன செஞ்சன்னு நாங்க கேக்க மாட்டோம்," என்றார் அக்கா. "செஞ்சிருந்தாலும் செஞ்சிருக்க மாட்ட."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அது வேலைக்கான விசாரணை என்று. ஆனால் வேலையைச் சொன்னால் என்ன வேலை என்பார்கள். காவலாளி என்றால், எம்.ஏ. படித்துவிட்டு ஏன் என்பார்கள். ஏன் என்றால் ஊர், பள்ளி, அம்மா. அவ்வளவு தூரம் வாயைத் திறக்கத் தெம்பு இல்லை.

"சரிக்கா," என்றேன்.

ஒரு தட்டில் இட்லி வந்தது. சாயங்காலம் அவர் இட்லி ஊற்றுவதில்லை. எனக்காக ஊற்றியிருக்கிறார். தின்றேன். சட்னியில் உப்புக் குறைவு.

மே 23, புதன்

என் தாள் திரும்பி வந்துவிட்டது. சுபேதார் உரக்கப் படித்தார், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

"விசாரித்ததில், மேற்படி முகவரியில் மேற்படி நபர் வசிக்கவில்லை."

நல்ல வாக்கியம். தேவையற்ற சொல் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதியும் நான் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

முத்துப்பாண்டி என் கையைக் கிள்ளினான். "மாப்ள, வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப போலீசு சொன்னது சரிதான்."

சிரிப்பு. சுபேதார் சிரிக்கவில்லை. தனியே கூப்பிட்டார்.

"பொய் முகவரி குடுத்தியா?"

"இல்ல சார். அங்கதான் இருக்கேன்."

"பின்ன ஏன்யா இல்லைன்னு எழுதியிருக்கு?"

அக்கம்பக்கத்தார் பயந்துபோய்ச் சொன்னதாகச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். ஆஸ்பத்திரியில் மாதக் கடைசிக்குள் எல்லாருடைய தாளும் கேட்கிறார்கள். தாள் இல்லாதவன் இடத்தில் வேறு ஆள் போட வேண்டியிருக்கும். வழி ஒன்றுதான். இல்லை என்று சொன்னவர்கள் ஸ்டேஷனுக்குப் போய், இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

"போனா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

"வகுப்புல தூங்கினியா? போலீசுக்குப் பொய்த் தகவல் குத்தம். எழுதுறவன் மனசு வச்சா விட்டுருவான். வைக்கலைன்னா, புடிச்சுக்குவான். நான் என்னத்தச் சொல்ல."

மத்தியானம் தீயணைப்புப் பயிற்சி. சிவப்பு வாளிகளில் மணல். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணலை வீசக் கூடாது, கொட்ட வேண்டும். கொட்டினேன். அணைந்தது.

மே 24, வியாழன்

ராக்கம்மா அக்காவிடம் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தார். குழவி நின்றது.

"வேலைக்கா? வேலைக்கா போலீசு வரும்?"

"இந்த வேலைக்கு வருங்க்கா. நல்லவனான்னு கேட்டுட்டுப் போவாங்க."

"நல்லவனான்னு கேக்கவா அந்த மீசையும் அந்த பூட்ஸும்?" கையில் மாவோடு எழுந்தார். "அட கூறுகெட்டவனே. அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானப்பா. சரிக்கா சரிக்கான்னு இட்லியத் தின்னுட்டுப் போன?"

"ஆமாக்கா."

"இப்ப என்ன செய்யணும்?"

சொன்னேன். முகம் மாறிவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

அவர் தம்பி செல்லையாவை எனக்குத் தெரியும். சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கியவர், இப்போது தூக்க முடியாது. ஒரு கால் மடங்காது. வளவின் மூலையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார். பேச்சே இல்லாத மனிதர். ஏதோ விபத்து என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

"இவன விசாரிச்சுட்டு விட்டுர்றோம்னுதான் கூட்டிட்டுப் போனாக," என்றார் அக்கா. "நாந்தான், அந்தா இருக்கான்னு கைகாட்டுனேன். திருடினவன் வேற ஒருத்தன்னு பெறகு சொன்னாக. அதோட முடிவு பண்ணேன், எவன் வந்து கேட்டாலும் எவனையும் தெரியாதுன்னு. வேற என்ன வேணாலும் கேளு தம்பி. ஸ்டேசனுக்கு மட்டும் கூப்பிடாத."

"சரிக்கா."

மூலையில் பீடி சுற்றும் கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

அறைக்கு வந்தேன். சுவரில் பல்லி. அதற்கு முகவரி விசாரணை கிடையாது.

மே 26, சனி

நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஈரத்துண்டு கழுத்தில்.

"நான்தான் சார் அந்த மேற்படி நபர்."

"எந்த மேற்படி நபர்? இங்க எல்லாரும் மேற்படி நபர்தான்."

தாளைக் காட்டினேன். அவரே விசாரிக்க வந்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? அம்புட்டு வீட்டுலயும் சத்தியம் பண்ணாத குறையா இல்லைன்னாங்களேய்யா. அந்த இட்லிக்காரம்மா குடிக்கத் தண்ணிகூடக் குடுத்து அனுப்பிச்சு, வேற தெருவுல தேடுங்கன்னு."

"மறந்திருப்பாங்க சார்."

"எல்லா வீடும் ஒரே நாள்ல மறந்துச்சாக்கும்."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"தம்பி, நீ வந்து நான் இருக்கேன்னு சொன்னா நான் எழுத முடியாது. எவன் வேணா வந்து நான் இன்னாருன்னு சொல்லலாம். இருக்கான்னு அக்கம்பக்கம் சொல்லணும். அதான் விசாரணை. யாரு என்கிட்டப் பொய் சொன்னதுன்னு பேரச் சொல்லு, நான் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

"எனக்கு அங்க யாரையும் அவ்வளவாப் பழக்கமில்ல சார்."

பொய்த் தகவல், இப்போது நானும். வகுப்பில் கற்றதை முதல் முறையாக மீறியது காவலாளி ஆவதற்கு முன்பே.

வெளியே வந்து கரும்புச்சாறு. ஈ விழுந்திருந்தது. எடுத்துப்போட்டுக் குடித்தேன்.

மே 27, ஞாயிறு

மாதா கோவில் மணி கேட்டது. பூசைக்குப் போகவில்லை.

அப்பா மறுபடி எழுதியிருக்கிறார். ஃபாதர் கேட்டாராம். அலுவலக அறைக்கு வெள்ளையடித்தாயிற்றாம். "உன் அம்மாவின் வகுப்புக்குப் புது டீச்சர் வருகிறார். நல்ல பிள்ளை போலத் தெரிகிறது. உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." அப்பாவின் எழுத்து முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. கண் பார்வையாக இருக்கலாம்.

பெட்டியை இறக்கினேன். புத்தகங்கள், இரண்டு சட்டை, வேட்டி. நூலகத்துப் புத்தகம் ஒன்று, திருப்ப வேண்டும். பேருந்து நேரம் விசாரிக்க வேண்டும். முடிவு என்று எதுவும் எடுக்கவில்லை. கை தானாக மடித்துக்கொண்டிருந்தது.

முத்துப்பாண்டி வந்தான், முதல் முறையாக. பெட்டியைப் பார்த்தான்.

"என்னடா மாப்ள, கெளம்பிட்டியா?"

"ஆமா."

"சுபேதாரு ஒன் எடத்துக்கு வேற ஆள் பாக்குறாரு. நான்தான் திங்க செவ்வாய் பொறுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஊரில் என்ன வேலை என்று கேட்டான். சொன்னேன். ஏன் போகப் பிடிக்கவில்லை என்றான். அதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டே கேட்டதால். அவன் மீதிப் பழத்தைத் தின்னவில்லை.

"வாரேன் மாப்ள," என்று கிளம்பினான். ஆனால் தெருவுக்குப் போகவில்லை. வாசலில் அக்காவோடு பேச்சு. சுவர் மெல்லியது.

"யக்கா, இவன் ஊருக்குப் போறான், தெரியுமா?"

"போனா நல்லதுதானப்பா. அவுக அய்யா தனியா இருக்காக."

"நல்லதா? ஆத்தா பாடம் எடுத்த கிளாசுக்கு எதுத்தாப்புல ஆயுசு பூரா உக்காரணுமாம். செத்த வீட்டுக்கு தினம் வேலைக்குப் போற மாதிரி. என்னால எல்லாம் ஆகாது சாமி. இவன் போவான். சரின்னு சொல்லிட்டுப் போயிருவான், இவன் அப்படித்தான்."

ஆட்டுக்கல் சத்தம் நின்றது.

மே 29, செவ்வாய்

காலண்டரில் கத்திரி முடிந்துவிட்டது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிவிட்டு வளவுக்கு வந்தால் எல்லா வீட்டிலும் பூட்டு. முற்றத்தில் கோழி ஒன்று. இந்த நேரத்தில் இப்படிப் பார்த்ததே இல்லை. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார், "எல்லாம் ஸ்டேசனுக்குப் போயிருக்குக. தண்ணிக் கொடத்தோட."

நடந்தேன். ஓடவில்லை. ஓடியிருக்கலாம்.

ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம், ரோட்டைத் தாண்டாமல், புளிய மர நிழலில் செல்லையா. மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பீடி இல்லை. என்னைப் பார்த்ததும் உள்ளே போ என்று தாடையால் காட்டினார்.

உள்ளே பெஞ்சில் வளவின் பெண்கள் எல்லோரும். மாரி இடுப்பில் பிள்ளையோடு. ஏட்டின் மேசைக்கு முன்னால் ராக்கம்மா அக்கா, நல்ல சேலை. நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஏட்டு பார்த்தார். அக்காவிடமே திரும்பினார்.

"அன்னைக்கு ஏம்மா இல்லைன்ன?"

"பொய்தான் சார் சொன்னேன். வேலைக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலையே. ஒங்க உடுப்பப் பாத்தா எங்களுக்கு உண்ம வராது."

"அதுக்கு ஒங்க எல்லாரையும் உள்ள வைக்கலாம், தெரியுமா?"

"வைங்க. மாவு ஆட்டி வச்சுட்டு வந்திருக்கோம், புளிக்கிறதுக்குள்ள விட்டுருங்க." குரல் உடைந்திருந்தது. பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். ஏட்டு வெளியே மரத்தடியைப் பார்த்தார். செல்லையாவை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை எடுத்தார்.

"சரி. ஆளு எப்படி?"

"நல்ல பையன் சார்."

"அது எல்லாரும் சொல்றது. பழக்கவழக்கம் சொல்லு."

"குடிக்க மாட்டான். சீட்டாட மாட்டான். பொம்பளப் பிள்ளைகள நிமிந்து பாக்க மாட்டான். ஆம்பளைகளையும் பாக்க மாட்டான். யார்ட்டயும் பேச மாட்டான் சார். அதான் எங்களுக்குப் பயமா இருக்கு."

பேனா நின்றது. "என்ன பயம்?"

"அவுக அம்மா செத்துப்போச்சுன்னு தந்தி வந்துச்சு. நாந்தான் கைநாட்டு வச்சு வாங்குனேன். வாசிக்கத் தெரியாது, ஆனா தந்தின்னாலே தெரியும்ல. குழாயடியில துணி பிழிஞ்சுக்கிட்டு இருந்தான். கையில குடுத்தேன். படிச்சான். மடிச்சு சட்டப்பைக்குள்ள வச்சான். மிச்சத் துணியையும் பிழிஞ்சு, ஒதறிக் காயப்போட்டு, கிளிப்பு மாட்டிட்டுத்தான் கெளம்புனான். எல்லாம் முடிஞ்சு ஊர்லருந்து வந்தான். மறுநாள் எப்பவும் போல தட்டத் தூக்கிட்டு இட்லிக்கு வந்து நின்னான். காரச் சட்னி இருக்கான்னு கேட்டான். இன்னவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் நாங்க பாக்கல. ரூமுக்குள்ள அழுவான்னு பாத்தோம். இந்தா, மாரி செவுத்துல காத வச்சுக்கூடக் கேட்டா."

"ஆமா சார்," என்றாள் மாரி. "ஒண்ணுமில்ல. புத்தகம் புரட்டுற சத்தந்தான்."

"யம்மா, இதெல்லாம் எழுத முடியாது."

"எழுதுங்க சார். நீங்கதான கேட்டீக. பிள்ள கெட்டவன் இல்ல. ஒறைஞ்சு போயிருக்கான். அந்த ஊருக்குப் போயி அந்த எடத்துல உக்காந்தா அப்படியே ஒறைஞ்சுதான் போவான். கேட்டுல நாலு மனுசங்க வந்து போற எடத்துல நிக்கட்டும். அதுக்குத்தான் வந்தோம். இல்லைன்னா இந்தப் படிய மிதிப்பனா?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். முட்டியை விறைத்துவிட்டேன் போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஏட்டு எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். "மறு விசாரணையில், மேற்படி நபர் மேற்படி முகவரியில் வசித்து வருவதாகத் தெரியவருகிறது. அமைதியானவர். தீய பழக்கங்கள் இல்லை."

வரிசையாகக் கைநாட்டு. மை துடைக்க ஈரத்துண்டைக் கொடுத்தார் ஏட்டு. அக்கா வாங்கவில்லை, சேலைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டார். நல்ல சேலை.

திரும்பும்போது அவர்கள் முன்னால், நான் பின்னால். செல்லையா என் பக்கத்தில், அவர் வேகத்துக்கு நான். பாதி வழியில் அக்கா நின்றார்.

"தம்பி, ஒன்னையப் பத்தி ரொம்பப் பேசிட்டேனோ?"

"இல்லக்கா."

"கோவமா?"

"இல்லக்கா."

"கோவப்பட்டாத்தான் என்ன," என்றார். நடந்தார்.

அவர் சொன்னவை ஏட்டின் தாளில் இல்லை. அதனால் இங்கே எழுதிவைத்தேன்.

மே 31, வியாழன்

தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. சுபேதார் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சீருடை கொடுத்தார். வெளிர்நீலச் சட்டை, கருநீலக் கால்சட்டை. தோள் இறக்கம். முத்துப்பாண்டிக்கு இறுக்கம். மாற்றிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் சரியில்லை.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி," என்றார் சுபேதார். "மொகத்துல கொஞ்சம் உசுரோட வா."

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குக் கார்டு. எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். வேலை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காவல் பணி. உடல்நலம் நன்று. ஃபாதருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை சரியாக வந்தது. அதற்கடுத்த வரி, அம்மாவின் வகுப்புக்கு வரும் புது டீச்சரிடம், ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைகளுக்கு மத்தியானம் முகத்தில் வெயில் அடிக்கும், அம்மா அவர்களை இடம் மாற்றி உட்காரவைப்பாள் என்று

கார்டில் மை கலைந்துவிட்டது. வேறு கார்டு இல்லை.

ஏதோ சத்தம். என்னுடையது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே முற்றத்தில் குழாய் அடிக்கும் சத்தம் நின்றது. மாரியின் குரல்: "யக்கா, எம்.ஏ. தம்பி ரூமுல."

ஓடி வருகிற காலடிகள். கதவருகே வந்து நின்றன. பிறகு ராக்கம்மா அக்கா, மெதுவாக:

"யாரும் தட்டாதீக. அங்கிட்டுப் போங்க எல்லாரும். நான் வாசல்ல இருக்கேன்."